மூச்சுக்கு ஒரு மின்கணக்கு

குறட்டை விடுகின்றவரைக் கண்டு சிரிப்பது நம்மவர் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கலியாண வீட்டிலும், கோயில் மடத்திலும், இரவுப் புகையிரதத்திலும் ஒருவர் குறட்டை விடத் தொடங்கினால், மற்றவர்கள் அவருக்குக் கும்பகர்ணன் என்று பட்டம் சூட்டிவிட்டு மறுபுறம் திரும்பிப் படுத்துக்கொள்வர். எமது மாமனாருக்கும் அந்தப் பட்டம் பல ஆண்டுகள் இருந்தது. அதனைச் சூட்டியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். கும்பகர்ணன் உண்மையாகவே உறங்கினான். எமது மாமனாரோ உறங்கவில்லை.

அவர் புகையிரதப் பகுதியிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். குருமடத்தாற் பெயர் பெற்ற அம்பிட்டியவில் எம்முடனேயே வசிக்கின்றார். இரவு ஒன்பது மணிக்கே படுக்கைக்குச் சென்று எட்டு மணி நேரம் கிடந்தாலும், காலையிற் பத்திரிகையை விரித்தபடியே தூங்கி விழுவார். தலையிடி என்பார். இரத்த அழுத்தம் மருந்துக்கும் அடங்காமல் நின்றது. வயதின் குணம் என்று நாம் வாளாவிருந்தோம். ஒருநாள் மாமியார் எமது மனைவியிடம், "அவருடைய குறட்டை கேட்கும் வரைக்கும் எனக்குப் பயமில்லைப் பிள்ளை. அது நின்று போனால்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் எம்மை வைத்தியரிடம் அனுப்பியது. ஓர் இரவு முழுவதும் அவருடைய உறக்கத்தை அளந்து பார்த்த வைத்தியர், மணிக்கு 38 தடவை மூச்சுத் தடைப்படுகின்றது என்று கூறியபோது எமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உறக்கத்தில் நேர்வது என்ன?

நாம் உறங்கும்போது உடலின் தசைகள் எல்லாம் தளர்கின்றன. தொண்டையின் தசைகளும் தளர்கின்றன. சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து மூச்சுக்குழலின் மேல்வாயிலை அடைத்துவிடும். வழி குறுகும்போது எழும் ஓசையே குறட்டை. முற்றாக அடைபட்டால் ஓசையும் இல்லை, மூச்சும் இல்லை. நெஞ்சு மட்டும் காற்றை இழுக்க முயன்று கொண்டிருக்கும். இரத்தத்திற் பிராணவாயு குறையக் குறைய, மூளை விழித்துக்கொண்டு உடலைத் தட்டி எழுப்பும். ஒரு பெருமூச்சு, ஒரு புரளல், மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. உறங்குபவருக்கு இது காலையில் நினைவில் இராது. குறைந்தது 10 விநாடி நின்றால் அதனை ஒரு தடையென வைத்தியர்கள் எண்ணுவர். மணிக்கு 5 தடவை முதல் அது நோய். 30 தடவைக்கு மேற்பட்டாற் கடுமையான நோய்.

இதற்கு மருந்து மாத்திரை அன்று, காற்று. 1981ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து வைத்தியரான கொலின் சலிவன் என்பவரும் அவருடைய தோழர்களும், ஐந்து நோயாளருக்கு மூக்கின் வழியாகச் சிறிது அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி அடைப்பை நீக்கிய செய்தியை 'லான்செற்' வைத்திய இதழில் வெளியிட்டனர். அதற்கு முன்னர் நோய் முற்றியவர்களுக்குக் கழுத்திலே துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வதே கைகண்ட முறையாக இருந்தது. இன்று 'சீபாப்' என்று எல்லோரும் அழைக்கும் பொறி அந்த முயற்சியின் வழித்தோன்றலே. படுக்கையருகே வைக்கத்தக்க ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் மூக்கிற் பொருந்தும் ஒரு முகமூடி. அவ்வளவுதான்.

அந்தக் காற்றின் அழுத்தம் பெரிதோ என்று மாணவர் கேட்கலாம். ஓர் உயரமான கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, ஒரு குழலை 10 சென்றிமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தி ஊதிப் பாருங்கள். குமிழி வருவதற்கு எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவே எமது மாமனாருக்கு வைத்தியர் விதித்த அழுத்தம். பெரும்பாலான பொறிகள் 4 முதல் 20 சென்றிமீற்றர் நீரழுத்தம் வரை தரவல்லவை.

2019ஆம் ஆண்டு பொறி வீட்டுக்கு வந்தது. ஒரு மாதத்தில் மாமனார் வேறு மனிதரானார். பத்திரிகையைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். பேத்திக்கு ஒவ்வொரு செய்தியாக விளக்கவும் தொடங்கினார். அது அவளுக்குத்தான் சற்றுத் தொல்லையாயிற்று.

ஆயினும் ஒரு குறை முளைத்தது. ஆண்டுதோறும் ஆடிவேல் விழாக் காலத்தில் உகந்தை முருகன் கோயிலுக்குச் செல்வது அவருடைய வழக்கம். பாணமைக்கு அப்பால், கடலோரத்தில், குமண வனத்தின் வாயிலில் அமைந்த கோயில் அது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கால்நடையாக வரும் அடியார்கள் அங்கேதான் கூடி, காட்டுப் பாதை திறக்கும் நாளைக் காத்திருந்து, குமண, யால வனங்களினூடாகக் கதிர்காமத்துக்கு நடப்பர். மாமனார் இளமையில் அப்பாதையில் நடந்தவர்; முதுமையில், நடப்பவர்களை வழியனுப்பவாவது போய் வந்தவர். பொறி வந்தபின் அதுவும் நின்றது. மரத்தடியிலே மின்செருகிக்கு எங்கே போவது? "தம்பி, இந்தப் பெட்டியின் வயர் எத்தனை முழமோ அத்தனை முழந்தான் இனி எனக்கு உலகம்" என்று ஒருநாட் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாற்றான் எமக்கு அது நெடுநாள் உறுத்தியது.

இருளில் ஒரு நாற்காலி

அந்த முழமும் சுருங்கும் காலம் விரைவில் வந்தது. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியை இலங்கையர் எவரும் மறந்திரார். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. நீர்த்தேக்கங்களிலும் நீர் வற்றியிருந்தது. மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரத்தை எட்டியது. அம்பிட்டியவுக்குக் கிழக்கே மகாவலியை மறித்து நிற்கும் விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம் உடையது, 1985இல் திறந்துவைக்கப்பட்டது, 210 மெகாவாற்று மின்னைப் பிறப்பிக்கும் வல்லமை வாய்ந்தது. அத்தகைய அணைக்கு அயலிலே குடியிருந்தும், ஒரு முதியவரின் மூச்சுக்கு வேண்டிய மின்சாரம் எம்மிடம் இல்லை.

அந்நாட்களில் ஓரிரவு நாம் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, முன்னறையில் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக் கண்டோம். மெழுகுதிரி கூட ஏற்றவில்லை. "படுக்கவில்லையா மாமா?" என்றோம். "படுத்தால் மூச்சு நிற்கும். அது நின்றால் உங்கள் மாமி எழும்பி உட்கார்ந்திருப்பா. அவவாவது தூங்கட்டும்" என்றார். பல இரவுகள் அவ்வாறே கழிந்திருக்கின்றன, எமக்குத் தெரியவில்லை.

மறுநாளே ஏதேனும் செய்ய வேண்டும் என்று துணிந்தோம். ஆயினும் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் அந்த ஆண்டு ஓடிப்போயிற்று. 2023இன் முடிவிலேதான் எண்ணம் செயலாயிற்று. அப்போது நாம் வகுத்த நோக்கம் ஒன்றே: மின்கம்பி இல்லாத இடத்திலே, வானில் படுத்து, மாமனார் மூன்று இரவுகள் நிம்மதியாக உறங்க வேண்டும். உகந்தைக்குப் போக அது போதும். அது கைகூடினால் வீட்டு மின்வெட்டையும் வென்றதாகும்.

முற்றத்தில் ஒத்திகை

நாம் கல்லூரியிற் கற்பிப்பது தமிழ், பௌதிகம் அன்று. ஆகவே முதன்முயற்சி தமிழாசிரியரின் முயற்சியாகவே முடிந்தது. எமது வானை முற்றத்தில் நிறுத்தி, பின்னிருக்கைகளை மடித்து மெத்தை விரித்து, வானின் பற்றரியோடு ஓர் இன்வேர்ட்டரை இணைத்து, அதிலே பொறியைச் செருகி மாமனாரைப் படுக்க வைத்தோம். இன்வேர்ட்டர் என்பது பற்றரியின் 12 வோல்ற்று மின்னை வீட்டு மின்னைப்போல 230 வோல்ற்றாக மாற்றும் கருவி. எல்லாம் செவ்வையாய் நடந்தது, அதிகாலை நான்கு மணி வரை. அப்போது பொறி நின்றது. மாமனார் திடுக்கிட்டு விழித்தார். காலையில் வானும் இயங்க மறுத்தது. அயலவர் இருவர் சேர்ந்து தள்ளினர். பாணமைக் காட்டோரத்தில் அல்லாமல் எமது முற்றத்திலே இது நேர்ந்ததே என்று முருகனுக்கு நன்றி கூறினோம்.

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் எமது மகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அப்பா, பொறி எவ்வளவு மின்னைத் தின்கிறது என்று அளந்தீர்களா?" என்றான். அளக்கவில்லை. சுவர்ச் செருகிக்கும் பொறிக்கும் இடையே பொருத்தும் ஒரு சிறு மின்னளவியைக் கடையில் வாங்கி வந்து மூன்று இரவுகள் அளந்தான். அவன் கண்டதை இங்கே தருகின்றோம். மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

பொறியின் வயிற்றில் ஒரு நீர்த்தொட்டி உண்டு. மூக்கு வரளாமல் இருக்க அந்நீரைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் ஊட்டுவர், குழாயையும் சூடாக்குவர். இவை இரண்டும் இயங்கும்போது பொறி சராசரியாக 45 வாற்று மின்னை உண்டது. எட்டு மணி நேரத்துக்கு 45 x 8 = 360 வாற்று-மணி. சூடாக்கும் பகுதியை நிறுத்தி, காற்றை மட்டும் ஊதவிட்டபோது அது 9 வாற்றாகக் குறைந்தது. 9 x 8 = 72 வாற்று-மணி. ஐந்தில் ஒரு பங்கு! எமது முற்றத்தில் இரவிரவாக எரியும் மின்குமிழும் 9 வாற்று உடையதே. ஒரு மனிதனின் ஓரிரவு மூச்சுக்கு வேண்டுவது ஒரு சிறு விளக்கின் மின் மட்டுமே என்று அறிந்தபோது எமக்கு உண்டான வியப்பைச் சொல்லி முடியாது. அதனைக் கொடுக்க வகையறியாமலன்றோ அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம்!

இரண்டாவது பாடம் இன்வேர்ட்டர். 12 வோல்ற்றை 230 ஆக்கி, அதனைப் பொறியின் மின்பெட்டி மீண்டும் 24 வோல்ற்றாகக் குறைப்பது, கொழும்புக்குப் போக வேண்டியவன் யாழ்ப்பாணம் சென்று திரும்புவதை ஒக்கும். வழியெல்லாம் வீண் செலவு. இன்வேர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே சில வாற்று வேண்டும். 9 வாற்றுப் பொறிக்கு அது பெருஞ்சுமை. அதற்குப் பதிலாக, 12 வோல்ற்றிலிருந்து பொறிக்கு வேண்டிய அளவுக்கு நேரே மாற்றித் தரும் இணைப்பு வயர்கள் கிடைக்கின்றன. சில பொறிகளுக்கு 12 வோல்ற்று, பலவற்றுக்கு 24 வோல்ற்று. பொறியின் அடியில் ஒட்டிய தகட்டைப் படித்து, அப்பொறிக்கென்றே செய்த வயரை வாங்க வேண்டும். கண்டபடி முறுக்கிக் கட்டுதல் ஆகாது.

மூன்றாவது பாடம் பற்றரி. வாகனத்தை முடுக்கும் பற்றரி, சில விநாடிகளுக்குப் பெருமின்னைக் கொட்டுவதற்கென்று செய்யப்பட்டது. அதனை இரவு முழுவதும் உறிஞ்சி வெறுமையாக்கினால் விரைவிற் பழுதாகும். காலையில் வாகனமும் கிளம்பாது. ஆழமாக வடியத்தக்க ஈயப் பற்றரிகள் வேறாக உள்ளன. அவற்றிலும் பாதியை மட்டும் பயன்படுத்துவதே முறை. லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியோ பத்தில் ஒன்பது பங்கை விட்டுக்கொடுக்கும். நாம் வாங்கியது 12.8 வோல்ற்று, 20 அம்பியர்-மணி உடையது. இரண்டையும் பெருக்கினால் 256 வாற்று-மணி. பயன்படுவது ஏறக்குறைய 230. இரவுக்கு 72 வீதம் மூன்று இரவுகள். எடை மூன்று கிலோவுக்குள். அதே பயனை ஈயப் பற்றரியிற் பெற வேண்டுமானால் 12 கிலோவுக்கு மேல் தூக்க நேரிடும். விலை குறைவன்று என்பதையும் மறைக்கவில்லை. எமது மனைவி சீட்டுப் பணத்திலிருந்து ஒரு பங்கு தந்தார்.

சூடாக்கும் பகுதியை நிறுத்தலாமா என்று வைத்தியரைக் கேட்டோம். "ஈரத்தைக் குறைக்கலாம், அழுத்தத்தைக் குறைக்கக் கூடாது" என்றார். நினைவில் வைக்க வேண்டிய வாசகம் அது. மின்னை மிச்சம் பிடிக்க எண்ணி விதித்த அழுத்தத்தைத் தாமாகக் குறைப்பவர், மருந்தைப் பாதியாகக் குடிப்பவரை ஒப்பார். தொட்டியில் நீரை வைத்துச் சூட்டை மட்டும் நிறுத்தினாலும் ஓரளவு ஈரம் கிடைக்கும். கடலோரக் காற்றில் அதுவே போதும்.

இரண்டாம் ஒத்திகையும் மூன்றாம் ஒத்திகையும் குறைவின்றி நிறைவேறின. மூன்றாம் நாட் காலையில் மாமனார் வானின் கதவைத் திறந்து இறங்கி, பாணும் சம்பலும் எங்கே என்று கேட்டார். அதுவே எமக்குக் கிடைத்த சான்றிதழ்.

உகந்தையில் இரு இரவுகள்

2024ஆம் ஆண்டு விழாக் காலத்தில் மகியங்கனை, பிபிலை, மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில் வழியாகப் பாணமை சென்று உகந்தையை அடைந்தோம். வழிநெடுக வானின் 12 வோல்ற்றுச் செருகியிலிருந்து, உரிய மின்னேற்றி மூலம் பற்றரி நிரம்பிக்கொண்டே வந்தது. ஐந்து ஆண்டுகளின் பின் அந்தக் கோபுரத்தைக் கண்ட மாமனார் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

மடிக்கத்தக்க 60 வாற்றுச் சூரியத் தகடு ஒன்றையும் கொண்டுபோயிருந்தோம். அக்காலத்தில் கிழக்குக் கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் எனக் கொண்டு, இழப்புகளையும் கழித்தால் ஏறக்குறைய 170 வாற்று-மணி. இரண்டு இரவுச் செலவுக்கு மேல். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. வானை மரநிழலில் நிறுத்தினால்தான் படுக்கலாம். தகட்டை வெயிலில் வைத்தால்தான் பயன். ஒரு கிளையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் மின் பெருமளவு குறைந்துவிடும். ஆகையால் நீண்ட வயர் கொண்டு தகட்டை வெளியிலே விரித்தோம். குரங்குகளிடமிருந்து அதனைக் காக்கும் பொறுப்பு மகளுக்கு. முதலிரவிற் செலவான 72 வாற்று-மணியும் மறுநாள் நண்பகலுக்குள் திரும்பி வந்துவிட்டது.

இரவிலே அடியார்களின் அரோகராவும் கடலோசையும் கேட்டுக்கொண்டிருந்தன. வானுக்குள் பொறியின் ஓசை மிக மெல்லியது. மாமியார் மட்டும் ஒருமுறை எழுந்து, முகமூடியருகே கையை வைத்துக் காற்று வருகின்றதா என்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காட்டுப் பாதையில் எமது மனைவியும் மாமனாரின் தங்கையாரும் நடந்தனர். தானும் நடக்கலாமோ என்று மாமனார் கேட்டார். மகன் கணக்குப் பார்த்தான். ஐந்து இரவுக்கு 360 வாற்று-மணி, இரண்டு பற்றரிகள், பொறியையும் சேர்த்தால் ஏழெட்டுக் கிலோ. அதனை இளைஞர் எவரும் சுமக்கலாம். ஆனால் 71 வயதின் முழங்கால்களை எவர் சுமப்பது? வைத்தியரும் அதற்கு இசையவில்லை. கணக்கு எல்லாவற்றையும் தந்துவிடாது. மாமனார் அதனைக் கேட்டுத் தலையசைத்தார். காட்டு வாயில்வரை தங்கையாருடன் நடந்து, அவர் தலை மறையும் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு நாம் வீதி வழியே மொனராகலை, புத்தல சென்று கதிர்காமத்தில் அவர்களை எதிர்கொண்டோம்.

சூறாவளியின் பரீட்சை

உகந்தைக்காக வாங்கிய பற்றரி வீட்டிலேதான் பெரிய பரீட்சைக்கு உட்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. முன்னொரு காலத்தில் அனுமன் இலங்கையில் நெருப்பு வைத்தான். இக்காலத்தவன் விளக்கையே அணைத்துவிட்டான் என்று நாம் சிரித்தோம். பற்றரி நிறைந்திருந்தபடியாற் சிரிக்க முடிந்தது.

நவம்பர் இறுதியில் எவரும் சிரிக்கவில்லை. நவம்பர் 28ஆம் திகதி கரையைத் தொட்ட டித்வா சூறாவளி நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கண்டி மாவட்டம் மண்சரிவுகளாற் பேரழிவைக் கண்டது. எமது வீதியில் நான்கு இரவுகள் மின்சாரம் இல்லை. சூரியத் தகட்டை விரித்துப் பயனில்லை. வானம் கறுத்தே கிடந்தது.

முதலிரவு கழிந்ததும் 158 வாற்று-மணி மிஞ்சியிருந்தது. விடிந்ததும் அயலவர்கள் கைத்தொலைபேசிகளுடன் வந்தனர். ஒரு தொலைபேசியை நிரப்ப ஏறக்குறைய 20 வாற்று-மணி வேண்டும். நான்கு தொலைபேசிகள் மாமனாரின் ஓரிரவுக்குச் சமம். வந்தவர்களுள் ஓர் அம்மையாரின் மகள் மலைப்பகுதியில் வாழ்பவள். இரண்டு நாளாகச் செய்தி இல்லை. நாம் தயங்கி நின்றோம். எமது தயக்கத்தை மாமனார் கண்டுகொண்டார்.

"அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்காமல் இவவுக்கும் மூச்சு வராது, தம்பி. கொடுங்கள்" என்றார்.

கொடுத்தோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. மகன் சுவரில் ஒரு தாளை ஒட்டினான். ஒவ்வொரு தொலைபேசிக்கும் காற்பங்கு மட்டும், அதாவது 5 வாற்று-மணி. பேசுவதற்கு அது போதும். நாளுக்குப் பத்துத் தொலைபேசிகள்; செலவு 50. இரவில் மூச்சுக்கு 72. வானின் தாங்கியிற் பாதி எரிபொருள் இருந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டால் 80 வரவு. இரண்டாம் இரவின் முடிவில் 116 மிஞ்சியது. மூன்றாம் இரவின் முடிவில் 74. நான்காம் இரவின் முடிவில் 32. ஐந்தாம் நாட் பகலில் மின்சாரம் வந்தது. அம்மையாரின் மகளும் மூன்றாம் நாளே பேசிவிட்டாள். மகன் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. இன்றும் அது சுவரிலேயே இருக்கின்றது.

மறவாமற் கொள்ள வேண்டியவை

இத்தகைய பொறியோடு வாழ்வோர் வீட்டில் இருப்பின், சில செய்திகளை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பொறி உண்ணும் மின்னை முதலில் அளந்து அறியுங்கள். எமது எண்கள் எமது பொறிக்கே உரியவை. அழுத்தம் கூடினாலும், முகமூடியிற் கசிவு இருந்தாலும் செலவு கூடும். பயணம் போகுமுன் சொந்த முற்றத்தில் ஒத்திகை பாருங்கள். ஹோட்டன் சமவெளி போன்ற 2,000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களிற் காற்று ஐதாக இருக்கும். பொறி அவ்வுயரத்துக்கு ஏற்றதோ என்று அதன் கைநூலிற் பாருங்கள். அங்கே உறைபனி விழும் காலமாயின், உறைநிலைக்குக் கீழே லிதியம் பற்றரிக்கு மின்னேற்றலாகாது.

இயந்திரத்தை ஓடவிடுவதானால் திறந்த வெளியில், சன்னல்களுக்கு எட்டத்தில் ஓடவிடுங்கள். அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மின் நின்று பொறியும் நின்றால் முகமூடியை உடனே கழற்றிவிட வேண்டும். காற்றோட்டம் இன்றி அதனை அணிந்திருப்பது நன்றன்று. பொறியின்றிக் கழிக்க நேரும் இரவில் மல்லாந்து படுக்காமல் ஒருக்கணித்துப் படுப்பது பலருக்கு உதவும். மதுவும், வைத்தியர் விதிக்காத உறக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், தவிர்க்க வேண்டும். சரியாக உறங்காத இரவின் மறுநாள் வாகனத்தின் சுக்கானைத் தொடவே கூடாது.

இவையெல்லாம் பொறி உள்ளவர்களுக்கு. பொறி தேவைப்பட்டும் அதனை அறியாதிருப்பவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றனரோ! ஆகவே எல்லா வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டில் யாரேனும் குறட்டை விட்டாற் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். சற்றே செவி கொடுங்கள். ஓசை இடையே நின்று, சில விநாடி கழித்து ஒரு திணறலோடு மீண்டும் எழுகின்றதா? அவ்வாறாயின் காலையில் அவருக்கு அதனைச் சொல்லுங்கள். உறங்குபவருக்கு அது தெரியாது. கேட்டவர்தான் சொல்ல வேண்டும். எமது வீட்டில் மாமியார் சொன்னார். அதனாற்றான் மாமனார் இந்த ஆண்டும் உகந்தைக்குப் போகும் நாளை நாட்காட்டியிற் குறித்து வைத்திருக்கின்றார்.